ஓர் இரும்புக்கையின் நெடும்பயணம்

1962 அக்டோபர் 5ஆம் தேதி லண்டனில் 'டாக்டர் நோ' திரைக்கு வந்தது. ஜேம்ஸ் பாண்டின் முதல் திரைப்படம். அதன் வில்லனுக்கு இரண்டு கைகளும் உலோகத்தால் ஆனவை. அக்டோபர் 6 தேதியிட்டு அதே லண்டனிலிருந்து 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் தன் முதல் இதழைக் கொண்டுவந்தது. அதில் தொடங்கிய படக்கதை ஒன்றின் நாயகனுக்கு வலது கை எஃகு. டாக்டர் நோவின் கைகள் அந்தப் படத்தோடு முடிந்துபோயின. வேலியன்ட்டின் எஃகுக் கை மட்டும் பத்து ஆண்டுகள் கழித்து சிவகாசிக்கு வந்து சேர்ந்தது. தமிழ் பேசக் கற்றது. பிறந்த ஊர் அதை மறந்த பிறகும் இங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

'இரும்புக்கை மாயாவி' என்று சொன்னால் போதும், ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்கள் பலரின் முகம் மலரும். அந்தப் பெயரை முதன்முதலில் எங்கே படித்தார்கள், யாரிடம் இரவல் வாங்கினார்கள், யார் திருப்பித் தராமல் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். நான் கையில் கிடைத்த நாவலையும் காமிக்ஸையும் வேறுபாடு பார்க்காமல் படித்து வளர்ந்த சாதாரண வாசகன். இந்தக் கை எங்கிருந்து கிளம்பி எந்தெந்த ஊர் வழியாக என்னிடம் வந்தது என்று தேடிப் பார்த்தபோது, வெகுஜன வாசிப்பைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமே மாறியது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

நாவலிலிருந்து முளைத்த கை

கதை எளிமையானது. லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பேரிங்கரின் ஆய்வகத்தில் உதவியாளன். வலது கையை முன்பே இழந்தவன்; அந்த இடத்தில் எஃகால் செய்த கை பொருத்தப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் நடக்கும் விபத்தில் கடும் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எஃகுக் கை மட்டும் மறையவில்லை. அன்று முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் மறைவான். கொஞ்ச நேரம் கழித்து அதன் வேகம் தணிந்ததும் மறுபடி தெரிவான்.

இந்தக் கற்பனைக்கு ஒரு மூத்த தலைமுறை உண்டு. 1897இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'தி இன்விசிபிள் மேன்' அது. அந்த நாவலின் கிரிஃபின், விஞ்ஞானத்தால் தன்னை மறைத்துக்கொண்டு, அந்த மறைவாலேயே அழிகிறவன். உடல் மறைந்தாலும் உடை மறையாது என்பதால் குளிரில் வெற்றுடம்போடு அலைகிறான். சாப்பிட்டால், செரிக்கும்வரை உணவு வெளியே தெரிந்துவிடும். யார் கண்ணிலும் படாமல் இருப்பது வரமா சாபமா என்று வெல்ஸ் கடைசிவரை விசாரிக்கிறார். ஊரார் அடித்துக் கொன்ற பிறகுதான் கிரிஃபினின் உடல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

வேலியன்ட்டின் எழுத்தாளர் இந்தச் சிக்கல்களை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டார்: எல்லாம் மறையும், கை மறையாது. முழுக்க மறைந்துவிடும் ஒருவனைப் படக்கதையில் எப்படி வரைவது? வெறும் அறையை வரைந்து, 'அதோ அங்கே நிற்கிறான்' என்று எழுதத்தான் முடியும். கை தெரிந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. இருட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி ஓர் எஃகுக் கை மட்டும் ஏறி வருகிறது. மேசை இழுப்பறை தானாகத் திறக்க, அதற்குள் உலோக விரல்கள் காகிதங்களைப் புரட்டுகின்றன. காவலாளி திரும்பிப் பார்த்தால், துப்பாக்கி பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. பார்க்கிற சிறுவனுக்குப் பயமும் தெரியும், ஆள் நிற்கும் இடமும் தெரியும். நாயகனுக்கும் ஆபத்து குறைவதில்லை. கையை எதிரி பார்த்துவிட்டால் தீர்ந்தது. அவனுடைய பலவீனமே அவனை வரைய வைக்கிறது, கதையையும் நகர்த்துகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கற்பனை பழசாகாமல் இருப்பதற்கு இந்த ஒரு நிபந்தனைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1962 என்ற ஆண்டும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் அதே ஆண்டு மே மாதத் தேதியிட்டு ஹல்க் வந்தார். ஆகஸ்ட் மாதத் தேதியிட்ட இதழில் ஸ்பைடர்மேன் வந்தார். ஒருவர் காமா கதிர் வெடிப்பில் சிக்கியவர். மற்றவர் கதிர்வீச்சு ஏறிய சிலந்தியிடம் கடி வாங்கியவர். அணுகுண்டுச் சோதனைகள் செய்தித்தாள்களை நிறைத்திருந்த காலம் அது. ஆய்வகத்தில் எது வெடிக்கும், வெடித்தால் மனிதன் என்ன ஆவான் என்ற கேள்வி எல்லா நாட்டுக் கதாசிரியர்களையும் பிடித்து ஆட்டியது. கிராண்டேல் அந்தக் கேள்விக்குப் பிரிட்டன் தந்த விடை.

ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. ஸ்பைடர்மேன் வெகு சீக்கிரமே தன் சக்தியை நல்லதற்குப் பயன்படுத்த முடிவு செய்துவிடுகிறார். கிராண்டேல் அப்படித் தொடங்கவில்லை. சக்தி கிடைத்ததும் அவன் மனம் திரிகிறது. வங்கிகளைக் கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். பிறகுதான் மெல்லத் திருந்தி, 'நிழற்படை' என்ற ரகசிய உளவுப் பிரிவில் சேருகிறான். பாண்ட் படங்கள் பிரபலமாகப் பிரபலமாக, அவன் கையும் உளவாளியின் கையாக மாறியது. விரல் நுனியில் துப்பாக்கி வந்தது, இன்னொரு விரலில் புகை வந்தது, வானொலிக் கருவி வந்தது. 1966இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் கிளப்பிய அலையில் கொஞ்ச காலம் சூப்பர் ஹீரோ உடையும் போட்டுப் பார்த்தான். காலத்துக்கு எது பிடித்ததோ அதையெல்லாம் அந்தக் கை ஏற்றுக்கொண்டது. ஆனால் குற்றவாளியாக இருந்து மீண்டவன் என்ற பழைய நிழல் அவன் முகத்தை விட்டுப் போகவே இல்லை. அவனை மற்ற நாயகர்களிடமிருந்து பிரித்துக்காட்டுவது அந்த நிழல்தான்.

பெயர் போடாத மூவர்

அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ அச்சாகாது. படைப்பாளிகளின் பெயர்களை முறையாகப் போடும் வழக்கத்தை 1977இல் வந்த '2000 ஏடி' இதழ்தான் அங்கே நிலைநிறுத்தியது. அதனால் இரும்புக்கையை உருவாக்கியவர்கள் யார் என்பது, அதை வாராவாரம் படித்த சிறுவர்களுக்கே தெரியாது.

முதலில் எழுதியவர் கென்னத் பல்மர். அறிவியல் புனைகதைகளும் சாகச நாவல்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதிக் குவித்த வெகுஜன எழுத்தாளர். பல புனைபெயர்களில் எழுதினார். ஆலன் பர்ட் ஏகர்ஸ் என்ற பெயரில் அவர் எழுதிய டிரே பிரெஸ்காட் என்ற சாகச வரிசை 1972இல் தொடங்கி ஐம்பது நாவல்களைத் தாண்டிப் போனது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று கடையில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிப் படித்த நமக்கு இத்தகைய உழைப்பு புதிதல்ல. அச்சகம் காத்திருக்க எழுத்து ஓடவேண்டும். வாசகனை அடுத்த பக்கத்துக்கு இழுக்காவிட்டால் அடுத்த புத்தகம் இல்லை. பல்மர் தந்த வேகத்தை அடுத்து வந்த டாம் டல்லி வளர்த்தார். பிரிட்டனின் புகழ்பெற்ற கால்பந்துப் படக்கதையான 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' தொடரையும் பல ஆண்டுகள் எழுதியவர் அவர்.

வரைந்தவர் பார்சிலோனாக்காரர். ஹெஸூஸ் பிளாஸ்கோ, 1919இல் பிறந்தவர். 'கூட்டோ' என்ற சிறுவன் நாயகனால் ஸ்பெயினில் அறியப்பட்டவர். சகோதரர்களும் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள். குடும்பமே ஓவியக்கூடமாக இருந்தது. அக்காலத்தில் பிரிட்டிஷ் பதிப்பகங்கள் ஏஜென்சிகள் வழியாக ஸ்பானிய, இத்தாலிய ஓவியர்களிடம் ஏராளமான வேலையைக் கொடுத்தன. பவுண்டில் வந்த கூலி அவர்கள் நாட்டுப் பணத்தில் நல்ல தொகை. பதிப்பகத்துக்கோ உயர்ந்த தரம் கிடைத்தது. லண்டன் தெருவையும் லண்டன் போலீசையும் பார்சிலோனாவில் உட்கார்ந்து வரைந்தார்கள்.

பிளாஸ்கோவின் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்த்தால் அவருடைய திறமை புரியும். அடர்ந்த கறுப்பைத் தூரிகையால் அள்ளி வைக்கிறார். முகத்தில் பாதி எப்போதும் நிழலில் இருக்கிறது. மழைக்கோட்டின் மடிப்பும் ஈரச் சாலையில் விழும் விளக்கு வெளிச்சமும் புகைப்படம் போல இருக்கின்றன. மின் சாக்கெட்டுக்குள் எஃகு விரல்கள் நுழையும் காட்சி தொடரில் மீண்டும் மீண்டும் வரும். முதல் கட்டத்தில் பொறி பறக்கிறது. அடுத்ததில் உடலின் விளிம்பு கரைகிறது. அதற்கடுத்ததில் காலி அறை, நடுவில் கை. இந்த மூன்றாவது கட்டத்தில் அவர் கையின் ஒவ்வொரு மூட்டிலும் பளபளப்பைக் கூர்மையாக்கி, சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் கொஞ்சம் மங்க விடுகிறார். கண் தானாகக் கையில் போய் நிற்கிறது.

இந்த மூவரைப் பற்றி யோசிக்கும்போது, அவர்கள் படைத்த நாயகனின் நிலைதான் அவர்களுக்கும் வாய்த்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆள் தெரியவில்லை, வேலை செய்த கை மட்டும் பக்கத்தில் தெரிந்தது. பல லட்சம் சிறுவர்கள் அந்தக் கையைப் பின்தொடர்ந்தார்கள், கைக்கு உரியவரின் பெயர் தெரியாமலே.

நாடு நாடாக

தொடர் 1970 வரை ஓடியது. அதற்குள் அது பல வடிவங்கள் எடுத்திருந்தது. 1967இல் ஃப்ளீட்வே நிறுவனம் 'சூப்பர் லைப்ரரி' என்று பையில் அடங்கும் தடித்த புத்தகங்களை வெளியிட்டது. அதன் ஒரு வரிசையில் இரும்புக்கையும் ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனும் மாறி மாறி வந்தார்கள். இன்னொரு வரிசையில் உளவாளிகளின் கதைகள் வந்தன. அதில் ஜானி நீரோ இருந்தார். இந்த இரண்டு வரிசைகளின் நாயகர் பெயர்களும் தமிழ் வாசகருக்கு வீட்டுப்பெயர்கள் போல ஆகப்போவது அப்போது லண்டனில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்பெயினில் வெர்டிசே பதிப்பகம் இதே கதைகளை ஸ்பானிய மொழியில் கொண்டுவந்தது. தம் ஓவியர் லண்டனுக்கு வரைந்து கொடுத்ததை ஸ்பானியச் சிறுவர்கள் இறக்குமதிக் கதையாகப் படித்தார்கள். புத்தக அளவுக்கு ஏற்பக் கட்டங்களை வெட்டியும் ஒட்டியும் வெர்டிசே அடுக்கியது. 1970களின் நடுவில் ஜெர்மனியில் 'கோப்ரா' இதழ் வழியாகவும் கிராண்டேல் போனான். பிரிட்டனிலேயே 'வல்கன்' என்ற மறுபதிப்பு இதழில் சிறிது காலம் உயிர்த்தெழுந்தான். அதற்குப் பிறகு அங்கே ஆர்வம் வடிந்துவிட்டது. 1976இல் வேலியன்ட் இதழே இன்னொரு இதழோடு இணைக்கப்பட்டு மறைந்தது. வாரப் பத்திரிகைக்கு உரிய விதி அது: புதிது வந்தால் பழையது காகிதக் கட்டு.

சிவகாசியில் இரண்டாம் பிறப்பு

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. தொடக்கக் காலத்தில் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் சிறுவர் எழுத்தாளர் முல்லை தங்கராசன்.

இது வேறு எந்த ஊரிலும் அவ்வளவு இயல்பாக நடந்திருக்காது. தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டியும் சாமி படக் காலண்டரும் அச்சடித்துப் பழகிய ஊர் சிவகாசி. படத்தை மலிவாகவும் வேகமாகவும் லட்சக்கணக்கிலும் அச்சிடத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. தமிழ்ச் சிறுவர்களிடம் படம் பார்த்துக் கதை படிக்கும் பழக்கமும் முன்பே வேரூன்றியிருந்தது. 1947 முதல் 'அம்புலிமாமா' வந்துகொண்டிருந்தது. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் பம்பாயிலிருந்து வேதாளனைக் கொண்டுவந்தது. குறை ஒன்றுதான்: இங்கேயே, நம் ஊர் அச்சில், நம் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் மாதம் ஒரு முழுநீளச் சாகசம் இல்லை. முத்து காமிக்ஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். லண்டனிலிருந்து உரிமை வாங்கிய பக்கங்களில் பேச்சுப் பலூன்கள் ஆங்கிலத்துக்காக அளந்து வரையப்பட்டவை. அவற்றை வெளுத்துவிட்டு அதே இடத்தில் தமிழை ஏற்றவேண்டும். தமிழ் வாக்கியம் நீளும், பலூன் நீளாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கி எழுதக் கற்றார். தேவையில்லாத வார்த்தை விழுந்தது, வினை முன்னே வந்தது, 'ஆ!', 'ஐயோ!', 'அதோ!' என்று ஒரு சொல்லே வாக்கியமானது. தமிழ் காமிக்ஸுக்கென்று ஒரு விறுவிறு நடை இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனால்கூட ஒரே மூச்சில் படிக்க முடிந்தது. என் தலைமுறையில் பலர் பாடப்புத்தகத்தில் எழுத்தைக் கற்று, காமிக்ஸில்தான் சரளமாகப் படிக்கக் கற்றோம்.

வடிவமும் கை கொடுத்தது. வேலியன்ட்டில் கதை வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. ஒவ்வொரு வாரப் பகுதியின் முடிவிலும் நாயகன் மாட்டிக்கொள்வான். அடுத்த வாரம்வரை சிறுவன் காத்திருக்கவேண்டும். அவற்றை ஒரே புத்தகமாகத் தொகுத்தபோது, காத்திருப்பு போய்விட்டது. மாட்டிக்கொள்வது மட்டும் சில பக்கங்களுக்கு ஒரு முறை வந்துகொண்டே இருந்தது. லண்டன் சிறுவன் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படித்ததை விருதுநகர்ச் சிறுவன் ஒரு மத்தியானத்தில் குடித்து முடித்தான். மாயாவி கதைகளைப் பற்றிச் சொல்லும்போது 'மூச்சு விட முடியாது' என்று பழைய வாசகர்கள் சொல்வது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். நம்மிடம் வந்தபோது கதை இன்னும் வேகமாகிவிட்டிருந்தது.

'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'இயந்திரத் தலை மனிதர்கள்' என்று தலைப்புகள் தொடர்ந்தன. மாயாவியோடு லாரன்ஸ்-டேவிட் என்ற நாயக ஜோடியும் ஜானி நீரோவும் சேர்ந்து மும்மூர்த்திகள் ஆனார்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய புத்தகம் வாடகை நூலகத்துக்குப் போனது. அங்கிருந்து பள்ளிப் பையின் அடியில், சரித்திரப் புத்தகத்துக்குள், பேருந்துப் பயணங்களில், ஊர் விட்டு ஊர் போனது. ஒரு மாயாவி கொடுத்தால் இரண்டு வேறு புத்தகம் கிடைக்கும் என்ற பரிமாற்றக் கணக்கு சிறுவர்களிடையே எழுதாச் சட்டமாக இருந்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரியும்வரை அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளிலும் இவற்றைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள்.

இதில் இன்னொரு பழைய கதையின் நீட்சியும் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில வெகுஜன நாவலாசிரியரின் கதைகளைத் தழுவித் தமிழில் தந்தார். அங்கே மலிவுப் பதிப்பு என்று அறிஞர்கள் ஒதுக்கிய சரக்கு இங்கே ஆயிரக்கணக்கான புதிய வாசகர்களை உருவாக்கியது. தமிழ்வாணனின் சங்கர்லால், பிறகு மாத நாவல்கள் என்று அந்த வாசகர் கூட்டம் பெருகியது. மாயாவியைப் படித்த சிறுவன் வளர்ந்து க்ரைம் நாவலுக்குப் போனான். அங்கிருந்து சுஜாதாவுக்குப் போனான். சிலர் அதையும் தாண்டிப் போனார்கள். முதல் படி இல்லாமல் அடுத்த படி இல்லை. வெகுஜனக் கதையைத் தரக்குறைவு என்று ஒதுக்குகிறவர்கள் தாங்கள் எந்தப் புத்தகத்தில் படிக்கப் பழகினார்கள் என்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

சூப்பர்மேனின் தந்தை வந்த வழி

1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. லயனின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டைக் கலக்கியவர் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு, இவர் வேறு. இவர் 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் தோன்றியவர். கூர்ந்த காதும் உயர்ந்த நெற்றியும் கொண்ட குற்றச் சக்கரவர்த்தி. பிறகு நல்லவராக மாறியவர். தமிழ் வாசகர்கள் அன்போடு 'கூர்மண்டையர்' என்று அழைப்பது இவரைத்தான்.

இந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். அந்த நாயகனின் முழு உரிமையையும் இருவரும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்மேன் கோடிகளைக் குவித்தார். படைத்தவர்கள் வழக்குப் போட்டுத் தோற்று, வேலை இழந்து நின்றார்கள். அந்தக் கஷ்ட காலத்தில்தான், 1960களின் நடுவில், சீகல் பிரிட்டிஷ் சிறுவர் இதழுக்கு எழுத வந்தார். 1975இல்தான் அமெரிக்க நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில் பெயரும் தர ஒப்புக்கொண்டது.

கோவில்பட்டியிலோ கும்பகோணத்திலோ ஸ்பைடரைப் படித்துப் புல்லரித்த பையன், சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியக்கூடிய எந்த இடத்திலும் அது எழுதப்படவில்லை. சூப்பர் ஹீரோக்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். உலகைக் காப்பாற்றும் நாயகர்களை உருவாக்கியவர்களை யாரும் காப்பாற்றவில்லை.

மறுபடியும், மறுபடியும்

தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, வீடியோ கேம் வந்தது. 2000களில் லயனும் முத்துவும் இடைவெளி விட்டு விட்டு வந்தன. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்தபோது 2012இல் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்து புதிய சுற்று தொடங்கியது. சிறுவயதில் பரிமாற்றத்தில் படித்தவர்கள் இப்போது சம்பாதிக்கிறவர்கள், சந்தா கட்டினார்கள். இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பிரெஞ்சு, பெல்ஜிய நாயகர்களும் தரமான தாளில் வண்ணத்தில் வந்தார்கள். அதோடு மும்மூர்த்திகளின் மறுபதிப்பும் வந்தது. ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் ஊர் ஊராகக் கிளம்பி வந்து கூடுகிறார்கள். 2022இல் முத்து காமிக்ஸ் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் கனவைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாடு சிலிர்க்கிறதென்றால், அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வாசிப்பு நிற்கிறது.

பிறந்த நாட்டிலும் கை மெல்ல நினைவுக்கு வந்தது. 2005இல் ஆலன் மூர் கதைத்திட்டம் தந்து அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' தொடரில், மறக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் நாயகர்களோடு கிராண்டேலும் தலைகாட்டினான். 2018இல் ரெபெல்லியன் நிறுவனம் 1970க்கு முந்தைய இந்தக் கதைகளின் உரிமைகளை வாங்கியது. பிறகு இரும்புக்கையின் தொடக்கக் கதைகளை நல்ல தொகுப்பாக, படைப்பாளிகளின் பெயர்களோடு வெளியிட்டது. லண்டன் அவனைப் புதையலாகத் தோண்டி எடுத்தது. சிவகாசியில் அவனைத் தோண்ட வேண்டிய தேவையே வரவில்லை. அவன் புதைபடவே இல்லை.

இந்தப் பயணத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்று உண்டு. ஒரு நாயகனின் சொந்த ஊர் அவனை அச்சடித்த ஊரல்ல. யார் அவனைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்களோ, யார் கிழிந்த அட்டையை ஒட்டி அடுத்தவருக்குக் கொடுக்கிறார்களோ, அவர்கள் ஊர்தான் அவன் ஊர். இரும்புக்கை மாயாவியைத் தமிழன் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நமக்கு வாங்கித் தந்தது நம் வாசகர்களின் விசுவாசம்.

உரிமை வந்தால் கடமையும் வரும். முதல் கடமை, படைத்தவர்களின் பெயர்களைச் சொல்வது. கென்னத் பல்மர், டாம் டல்லி, ஹெஸூஸ் பிளாஸ்கோ. மாயாவியைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது இந்த மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். முல்லை தங்கராசனையும், பலூனுக்குள் தமிழை அடக்கிக் கொடுத்த பெயர் தெரியாத எத்தனையோ பேரையும் நினைக்கவேண்டும். இரண்டாவது கடமை இன்னும் பெரியது. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைய, தமிழிலேயே பிறந்த படக்கதைகள் நம்மிடம் இருந்தன. அந்த வழி அகலமாக வளரவில்லை. வரையத் தெரிந்த இளைஞர்கள் இன்று நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு மாதம்தோறும் பக்கமும், உழைப்புக்கேற்ற கூலியும், அட்டையில் பெயரும் கொடுக்கும் ஒரு பதிப்பகம் வரவேண்டும். பார்சிலோனாவில் ஒருவர் வரைந்ததை நாம் அரை நூற்றாண்டாகப் போற்றுகிறோம். திருநெல்வேலியில் ஒருவர் வரைவதை வேறொரு நாட்டுச் சிறுவன் அவன் மொழியில் போற்றும் நாளுக்கு நாம் வேலை செய்யவேண்டும்.